நாற்பத்தோரு பெயர் தைத்த துணி

கௌசலாவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறவள் தைத்த துணியைச் சுவரில் மாட்டி, அதன்மேல் விளக்கும் போட்டிருக்கிறார்கள் என்றால் சும்மாவா!

கைவினைக் கண்காட்சி அது. மற்றவர்கள் களிமண், பிரம்பு என்று கொண்டுவந்திருந்தார்கள். இவள் ரவிக்கை வெட்டி மிஞ்சிய நீலத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, கதவளவு அடையாள அட்டை ஒன்றைத் தைத்திருந்தாள். அதில் சங்கிலித் தையலில் நாற்பத்தோரு பெயர்கள். அத்தனை பேரும் இந்த நாட்டிலேயே பிறந்தும் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காதவர்கள்.

கௌசலாவும் அந்த வகைதான். கிள்ளானில் பிறந்தாள், பிறப்பைப் பதியத்தான் ஆளில்லை. கையில் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அட்டை. ஊரார் பெயரையெல்லாம் தைத்தவள் தன் பெயரை மட்டும் தைக்கவில்லை. வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்களே என்ற வெட்கம். பக்கத்துத் துணிக்கடை லத்தீஃபாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

பதினொரு மணிக்கெல்லாம் நல்ல கூட்டம். பந்திங்கிலிருந்து வந்த ஓர் அம்மா துணியை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, எம் மகன் கிஷன் பேரையும் போட முடியுமா? பதினேழு வயசாச்சு, இன்னும் நீல ஐசி கெடைக்கல."

"எடமே இல்லையே லா," என்றாள் துணைக்கு வந்திருந்த லத்தீஃபா.

கௌசலா சிரித்துவிட்டாள். நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துவிட வேண்டுமே என்று ரவிக்கைக்கு உள்ளே இரண்டு விரல் துணி மடித்துத் தைப்பது அவள் வழக்கம். அட்டை எங்கே பெருக்கப் போகிறது? பழகிய கை, அதற்கும் நாலு பக்கமும் விட்டுத் தைத்திருந்தது!

ஓரத்துத் தையலைப் பரபரவென்று பிரித்தாள். கிஷன் ஏறினான். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார், பிறகு இன்னும் மூன்று பேர். இத்தனை வருடத் தையலில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கண்டதில்லை.

கடைசியில் ஒரே ஒரு பெயருக்கு இடம் மிஞ்சியது. எதிரே அவளுடைய பழைய வாடிக்கையாளர் லோஜினி டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.  ஆனாலும் கௌசலா நூலைக் கோத்து முதல் எழுத்தைத் தைத்தாள்.

"இது யாரு பேரு, கௌசலா?"

"என் பேருதான் டீச்சர். கிள்ளான்ல பொறந்து நாப்பத்தாறு வருசமாச்சு. இன்னும் சிவப்புதான்," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

டீச்சர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் தைக்க வசதியாகத் துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.