மில்லிங் மெஷினும் அவள் கையும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்துவிட்டு, ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து பண்டாரவளைக்குக் குடிவந்தோம். வாடகை வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் சின்ன லேத் ஒன்றைப் போட்டு வேலை தொடங்கினேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டு உதிரிப்பாகம் கண்ணில் படாத காலம். தேயிலை சுருட்டும் ரோலரின் பல்சக்கரம் உடைந்தாலும் இங்கேயே செய்தாக வேண்டும். அதற்கு லேத் போதாது. லேத்தில் இரும்பு சுற்றும், வெட்டுகிற உளி நிற்கும். மில்லிங் மெஷினில் உளி சுற்றும், இரும்பு, அதைப் பூட்டிய மேசையோடு சேர்ந்து நகரும். பல் வெட்ட அதுதான் வேண்டும்.

நான் வேலை பார்த்த தோட்டத்திலேயே அப்படி ஒன்று கிடந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து மெஷின். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் மழையில் நனைந்து, கோழி அடைகாக்கும் இடமாக ஆகியிருந்தது. தோட்டத்துக்குப் புதிதாக வந்த மேனேஜர் கொட்டகையைத் துப்புரவாக்கச் சொன்னபோது கேட்டு வாங்கிக்கொண்டேன். மரக்கறி லொறியில் ஏற்றி வந்து, மரக்கட்டைகளின்மேல் உருட்டி உள்ளே தள்ளினோம்.

துருவை மண்ணெண்ணெய் போட்டு எடுத்தேன். இறுகிப்போன நட்டுகளைச் சூடாக்கிக் கழற்றினேன். தேய்ந்த பெயரிங்குக்குப் பதிலாகப் பித்தளையில் புஷ் என்ற வளையம் கடைந்து போட்டேன். இரண்டு மாதத்தில் மெஷின் சுற்றியது. வெட்டிப் பார்த்தால் பள்ளம் ஒரு முனையில் அகலமாகவும் மறு முனையில் ஒடுங்கியும் வந்தது. மேசையின் அடிமுகம் தேய்ந்திருந்தது. அதைக் கையால் சுரண்டித்தான் சமமாக்க வேண்டும்.

மட்டம் பார்க்கும் இரும்புப் பலகை ஒன்றைத் தோட்டத்திலிருந்து இரவல் வாங்கினேன். அதில் பூசும் நீலச் சாயம் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க் குப்பிலாம்புக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினேன். மேசையைக் கவிழ்த்து அதன் அடிமுகத்தில் பலகையை உரசினால் எங்கெல்லாம் மேடோ அங்கெல்லாம் கரி ஒட்டும். அந்த மேட்டை மட்டும், பழைய அரத்தைத் தீட்டிச் செய்த சுரண்டியால், மயிரிழை அளவுக்கு எடுக்க வேண்டும். மறுபடி உரச வேண்டும். புள்ளிகள் முகம் முழுவதும் ஒரே சீராக விழும்வரை இதையே செய்ய வேண்டும்.

நான்கு வாரம் சுரண்டினேன். சீராக வரவில்லை. ஒரு பக்கம் இறங்கினால் மறு பக்கம் ஏறியது.

ஒரு காலை தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி குனிந்து பார்த்தாள்.

"இது எல்லாம் மேடு இல்லைங்க," என்றாள். "கரி கூடிப்போயிருக்கு. அதான் பக்கத்துலயும் ஒட்டுது. நடுவுல பளபளன்னு இருக்கு பாருங்க, அது மட்டுந்தான் மேடு."

அவள் அதே தொழிற்சாலையில் தேயிலையிலிருந்து காம்பு பொறுக்கிய தொழிலாளி. கறுத்த தூளுக்குள் செந்நிறக் காம்பை நாள் முழுக்கத் தேடிப் பழகிய கண். அவள் சொன்னது சரி என்று உடனே தெரிந்தது.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

அன்று ஆணி வாங்கக் கடைவீதிக்குப் போய்த் திரும்பியபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒரு சாண் அகலத்துக்குப் புள்ளிகள் விழுந்திருந்தன. மழை தொடங்கும்போது சிமெந்துத் தரையில் விழும் தூறல் மாதிரி, அத்தனை சீராக.

"சும்மா செஞ்சு பாத்தேன்," என்றாள்.

"பரவாயில்ல," என்றேன்.

பதினோரு வருடம் நான் பிட்டர். அவள் சுரண்டியைப் பிடித்து அரை நாள்கூட ஆகவில்லை. சாப்பிடும்போது அவள் கைகளையே பார்த்தேன். விரல் மடிப்பில் கரி இருந்தது. அது என் விரலில் இருக்க வேண்டிய கரி என்று தோன்றியது. இப்படி ஒரு எண்ணம் எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மறுநாள் அவள் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனபோது, நான் அவள் சுரண்டிய சாண் அகலத்தின்மேல் என் சுரண்டியை ஓட்டினேன். திருத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கெடுத்தேன். சீராக இருந்த புள்ளிகள் திட்டுத் திட்டாகிப் போயின. அவள் வந்து பார்த்தாள். துணியைக் காயப்போட்டுவிட்டு வந்து, அந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கினாள்.

மூன்று வாரத்தில் மேசை முடிந்தது. பூட்டி வெட்டினேன். இரு முனையிலும் ஒரே அளவு. அவள் கைதட்டிச் சிரித்தாள். நான் மெஷினைத் துடைக்கப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து, பதுளையில் அரிசி மில்லும் ரிப்பேர் கடையும் வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி பல்சக்கரம் ஒன்று வெட்ட வந்தார். தொழில் தெரிந்த மனிதர்; அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மேசையை ஓரத்துக்கு நகர்த்தி அடிமுகத்தைத் தடவிப் பார்த்தார்.

"யார்ட கை இது?" என்று கேட்டார்.

என் மனைவி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். அவள் அங்கே நிற்பது எனக்குத் தெரியும்.

"நம்ம கைதான் நானா," என்றேன்.

"மாஷா அல்லாஹ். கொழும்புலயும் இப்பிடி செய்ய ஆள் கெடையாது தம்பி."

அவள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தட்டில் இருந்த என் கோப்பையையும் கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரமே அவர் தம் லேத்தின் 'பெட்' என்ற பாகத்தை லொறியில் அனுப்பினார். மற்ற பாகமெல்லாம் மேலே ஓடுகிற நீண்ட அடித்தளம் அது. அதே கையால் சுரண்டித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"நீ கொஞ்சம் பாரேன்," என்றேன் அவளிடம்.

"அவரு உங்க கையத்தானே கேட்டாரு. நீங்க செய்ங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். நானும் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எட்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு சுரண்டினேன். ஒன்பதாம் நாள் பலகையை வைத்துப் பார்த்தபோது நடுவில் உள்ளங்கை அளவுக்குக் கரியே ஒட்டவில்லை. பள்ளம் விழுந்துவிட்டது. பள்ளத்தை நிரப்ப வழியில்லை. மற்ற இடம் முழுவதையும் அந்தப் பள்ளத்தின் அளவுக்கு இறக்க வேண்டும்.

மறுநாள் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை நின்றேன்.

"நானா, அந்த மேச நான் சுரண்டுனது இல்ல. என் சம்சாரம் சுரண்டுனது. உங்க பெட்டுலதான் நான் சுரண்டியிருக்கேன். பள்ளமாப் போச்சு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப நீங்க எதுக்கு என்ட வந்து சொல்றீங்க? தப்பு செஞ்சது உங்க சம்சாரத்துக்குத்தானே."

அன்று பிற்பகலே என்னோடு பண்டாரவளைக்கு வந்தார். வாசலிலேயே நின்று அவளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்ட லேத் பெட்ட நீங்க செஞ்சு தருவீங்களா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "செய்றேங்க. வெளிச்சம் இருக்கிற காலையிலதான் செய்வேன். முடியிற வரைக்கும் வேற யாரும் அதத் தொடக் கூடாது."

"கேட்டீங்களா தம்பி," என்றார் அவர்.

அவள் ஐந்து வாரம் செய்தாள். நான் தொடவில்லை. கரி குழைத்துக் கொடுத்தேன், லேத் பெட்டைத் திருப்பிப் போட்டேன், அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். அந்த ஐந்து வாரமும் என் நெஞ்சு எரிந்துகொண்டேதான் இருந்தது. அவள் சுரண்டும் சத்தம் சமையலறை வரை கேட்கும். ஒரே தாளத்தில், தடுக்காமல். எங்கேயாவது தடுக்காதா என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

பிறகு எல்ல என்ற ஊரிலிருந்தும் பதுளையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் நின்று, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, மோட்டாரைப் போட்டுப் பல் வெட்டப் போய்விடுவேன். நான் வெட்டிய பல்சக்கரங்களும் நன்றாகவே ஓடின. அதைச் சொல்ல யாரும் திரும்பி வரவில்லை.

வருடங்கள் கழித்து மழை விட்ட ஒரு காலையில், கொட்டகையில் அவளுக்கு மட்டப் பலகையைப் பிடித்துக் கொடுத்தபடி நின்றபோது சொன்னேன்: "எனக்கு உன் மேல பொறாமை."

"தெரியுமே," என்றாள்.

"இப்பவும் இருக்கு."

"இருக்கட்டும். பிடிக்கிறதையாச்சும் சரியாப் பிடிங்க, பலக சரியுது."

பலகையை நிமிர்த்திப் பிடித்தேன். அவள் குனிந்து கரியைப் பார்க்கத் தொடங்கினாள்.