உஸ்மா கட்டிய மாமன் கூடை

உஸ்மா கட்டும் கூடைகளில் பாதிக்கு மேல் வைக்கோல்தான் என்று தேரடித் தெருவில் ஒரு பேச்சு உலாவியது. அது நேராக அவள் காதுக்கு வரவில்லை. வளையல் கடையில் யாரோ சொன்னதை டீக்கடையில் ஒருவர் கேட்டு, அவர் பூக்கடை கன்னியம்மாளிடம் சொல்ல, அவள் தொடுத்த சரத்தைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்துவிட்டாள்.

"மேல ரெண்டு ஆப்பிளாம், கீழ பூரா மாட்டுத் தீனியாம். ஊரே பேசுதுடி."

வைக்கோல் இருப்பது உண்மைதான் என்றாள் உஸ்மா, ரிப்பன் வெட்டுவதை நிறுத்தாமல். அது இல்லாமல் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வேனில் போனால், போய்ச் சேரும்போது கூடையில் இருப்பது பழமாக இருக்காது, ஜூஸாக இருக்கும். கன்னியம்மாளுக்கு அந்தப் பதில் போதவில்லை. எதிர்த்து நாலு வார்த்தை சண்டை போடாதவளை என்ன செய்வது என்று முணுமுணுத்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பினாள்.

உஸ்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினொரு வருஷம் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் பரிசுப் பொருள்களுக்குத் தாள் சுற்றியவள். பிறகு பாதி ஷட்டர் அகலத்தில் சொந்தக் கடை போட்டாள். நிக்காஹ் தட்டு, மஞ்சள் நீராட்டுச் சீர், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் பழக்கூடை, எல்லாம் அங்கேதான். கூடை கேட்டு யார் வந்தாலும் முதலில் அவள் கேட்பது மூன்று கேள்விகள். இதை யார் பிரிப்பார்கள், எப்போது பிரிப்பார்கள், பிரிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள். கூடை வாங்கப் போனால் போலீஸ் விசாரணை நடக்கிறது என்று வந்தவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் கை முறிந்து கிடந்த ஒரு டீச்சருக்கு, ஒரே கையால் இழுத்தால் அவிழ்கிற முடிச்சோடு கூடை போனதையும் அவர்களேதான் சொல்லித் திரிவார்கள்.

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது டொரண்டோவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெயர் ஜினேந்திரன். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சமணக் குடும்பத்துப் பிள்ளை. அக்கா குசுமாவதியின் வீட்டுக்கு ஒரு கூடை அனுப்ப வேண்டும், நன்றாக இருக்க வேண்டும், ரொம்ப நன்றாக இருக்க வேண்டும் என்று நாலு தடவை சொன்னார். உஸ்மா தன் கேள்விகளைத் தொடங்கினாள். இரண்டாவது கேள்வியில் அவர் குரல் தடுமாறியது. மூன்றாவதில் எல்லாம் கொட்டிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகள் சுருதிக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் தூக்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டியவர் இவர். கம்பெனியில் ஆள் குறைக்கிற நேரம். லீவு கேட்கப் பயந்து டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, ஆன்லைனில் இருந்ததிலேயே பெரிய கூடையாகப் பார்த்து அனுப்பிவிட்டார். அதை மேடைக்குப் பக்கத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் பிரித்தார்கள். உள்ளே தேன் சீசா, உலர்ந்த அத்திப்பழம், முட்டை போட்ட கேக். மூன்றுமே உயிர்ப்பாவம் என்று சமண வீடுகளின் வாசற்படி தாண்டாதவை. மாமன்காரன் நம்ம ஆள்தானா என்று சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே கேட்டாராம். அன்றிலிருந்து குசுமாவதி தம்பியின் போனை எடுப்பதில்லை. இப்போது சுருதிக்கு ஏழாம் மாதம். அம்மா வீட்டில் வளைகாப்பு. இதுவும் தவறினால் அக்கா தனக்கு இல்லை என்றார் ஜினேந்திரன்.

"கூடை நான் கட்டிடுவேண்ணா. மாமன் சீர யாரு தூக்கினு போவாங்க?" என்று கேட்டாள் உஸ்மா.

அங்கே அதற்கு ஆள் இல்லையே என்று இழுத்தார் ஜினேந்திரன்.

"சரி, நானே எடுத்துனு போறேன். உள்ள இன்னா வைக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"நீங்கதானே இதுக்குன்னே இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"வைக்கக் கூடாதது இன்னான்னு எனக்குத் தெரியும்ணா. உங்க அக்காவுக்கு இன்னா புடிக்கும்னு எனக்கெப்படித் தெரியும்?"

இரண்டு நாள் யோசித்தார். சென்ட் பாட்டில் என்றார், பிறகு சாக்லேட் என்றார், கடைசியில் ஒரு மிக்ஸி என்றார். ஒவ்வொன்றுக்கும் உஸ்மா, அதுதான் கடையில் கிடைக்கிறதே அண்ணா என்றாள். மூன்றாம் நாள் கூப்பிட்டு, மல்லாட்டை என்றார். வேர்க்கடலையைத்தான் அந்தப் பக்கம் அப்படிச் சொல்வார்கள். பிடுங்கிய ஈரத்தோடு, மண்ணோடு வேண்டும். உள்ளே ஒரே ஒரு பருப்பு இருக்கிற காயாக மட்டும் பொறுக்கிப் போட முடியுமா என்று கேட்டார். ஏன் என்று சொல்லவில்லை.

போனை வைத்ததும் உஸ்மாவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மண்ணுக்குள் விளைவதாயிற்றே, சமணர்கள் தொடாத கிழங்கு மாதிரி இதுவும் ஆகாதோ. பள்ளிக்கூடத்தில் உடன் படித்த சமணத் தோழி நிவேதாவைக் கூப்பிட்டாள். நிவேதா விழுந்து விழுந்து சிரித்தாள். "மல்லாட்டை ஆவாதுன்னா எங்க ஊர்ல பாதிப் பேரு பட்டினிடி. அது கொட்டை. கிழங்கா அது?"

மறுநாள் கடைக்கு ஒரு மூட்டை வந்து இறங்கியது. காலையிலிருந்து மத்தியானம் வரை ஒவ்வொரு காயாக விரலில் உருட்டிப் பார்த்துப் பொறுக்கினாள் உஸ்மா. நடுவில் கன்னியம்மாளும் வந்து உட்கார்ந்து, இதற்கு வைக்கோலே தேவலை என்று சொல்லிவிட்டு, உஸ்மாவைவிட வேகமாகப் பொறுக்கினாள். ஒரு துணிப்பை நிறைந்தது. அதை அடியில் வைத்து, மேலே வைக்கோல் பரப்பி, மாதுளை, சாத்துக்குடி, வெல்லம், கண்ணாடி வளையல், ஏழு மாத வயிற்றை உறுத்தாத நூல் புடவை ஒன்று என அடுக்கினாள்.

வளைகாப்புக்கு முந்தின நாளே கிளம்பினாள். இந்தக் கூடையைப் பிரிக்கும்போது சம்பந்தி வீட்டார் பக்கத்தில் இருக்கக் கூடாது. சமண வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள், அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஐந்து மணிக்கு அக்காவைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று ஜினேந்திரன் சொல்லியிருந்தார். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும்.

வேன் மெதுவாகப் போனதில், நாலரைக்குத்தான் வீட்டைக் கண்டுபிடித்தாள். யார் அனுப்பியது என்று கேட்டதும் குசுமாவதியின் முகம் இறுகியது.

"மோர் சாப்பிட்டுப் போம்மா. இத எடுத்துனு போயிடு."

"பிரிச்சுப் பாருங்கக்கா. வேணாம்னா நானே தூக்கினு போறேன்."

உள்ளிருந்து சுருதி இடுப்பைப் பிடித்தபடி மெல்ல வந்தாள். மகள் பார்வையைப் பார்த்துவிட்டுக் குசுமாவதி முடிச்சை இழுத்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தார்.

"தேன் எங்க காணோம்?"

"இல்லீங்கக்கா."

"அத்தி?"

"அதுவும் இல்லீங்க."

"வேணாம்னு அவன் சொன்னானா, நீயே பாத்துக்கினியா?"

ஆமாம், அவர்தான் சொன்னார் என்றால் முடிந்துவிடும். அந்த வார்த்தை உஸ்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"நான்தாங்கக்கா பாத்துக்கினேன்."

"அதான பாத்தேன்," என்றார் குசுமாவதி. "எங்கயோ இருக்கற உனக்குத் தெரியுது. கூடப் பொறந்தவனுக்குத் தெரியல."

கூடையைத் தள்ளினார். அது சாய்ந்தது. வைக்கோல் விலகித் துணிப்பை வெளியே வந்தது.

"அது அவரு சொன்னது," என்றாள் உஸ்மா அவசரமாக. "நான் பொறுக்கினதுதான். கேட்டது அவரு."

குசுமாவதி ஒரு காயை எடுத்து உடைத்தார். ஒரு பருப்பு. இன்னொன்று. அதிலும் ஒன்றுதான். பையை மடியில் கவிழ்த்துக்கொண்டு வேகவேகமாக உடைத்தார். விரலெல்லாம் மண். சுருதி ஒன்றும் புரியாமல் அம்மாவையே பார்த்தாள்.

"ரெண்டு பருப்பு இருந்தா அக்காவுக்கு ஒண்ணு தரணும்னு எங்கம்மா சொல்லி வெச்சிருந்தாங்க," என்றார் குசுமாவதி, யாரிடம் என்றில்லாமல். "இவன் ஒத்தப் பருப்பா பாத்துப் பொறுக்கி டவுசர் பாக்கெட்ல போட்டுப்பான். பங்கு குடுக்க வேணாம் இல்ல. திருட்டுப் பய. திருடனத பூரா இப்ப திருப்பி அனுப்பறான்."

சிரிக்கத்தான் தொடங்கினார். அது சிரிப்பாக முடியவில்லை.

அலமாரி மேலிருந்த போன் அடித்தது. சுருதி எடுத்துப் பார்த்து, "அம்மா, மாமா," என்று நீட்டினாள்.

குசுமாவதி கையை நீட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கையெல்லாம் மண்ணாக இருக்கிறது என்று சொல்லி, முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. உஸ்மா ஒரு செருப்பை மாட்டிவிட்டு, இன்னொன்றை மாட்டாமல் வாசலிலேயே நின்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.