பச்சைப் படகின் அடிப்பலகை

பழவேற்காட்டு உப்பேரிக் கரையிலுள்ள தோணிரேவில் நீலமேகத்தைப் போலச் சந்தேகப் பிராணி இன்னொருவன் கிடையாது. மண்பானை வாங்கினாலும் மூன்று முறை தட்டிப் பார்ப்பான். நான்காம் முறை பக்கத்து வீட்டுக்காரியைத் தட்டச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டு அந்த வீட்டு மூங்கில் தூணை அழுத்திப் பார்த்தவன் என்று ஊரே அவனைக் கேலி செய்யும். ஆனால் படகு வாங்கப் போகிறவர்கள் அவனைத்தான் கூட அழைத்துப் போவார்கள். மரத்துக்குள் புழு இருந்தால் அவன் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் இந்தத் தட்டிப் பார்க்கும் புத்தி அவனுக்கு வரவே இல்லை.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. ஐப்பசிப் புயலில் நீலமேகத்தின் சொந்தப் படகு சுக்குநூறாகிப் போனது. மூன்று மாதமாக அவனும் மனைவி ஜெயம்மாவும் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவித்தான் இரண்டு பெண்குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். தை பிறந்ததும் பாடு போடுவார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டெடுத்துப் பிரித்துக்கொள்வதற்குத்தான் பாடு என்று பெயர். அன்றைக்குச் சொந்தப் படகு இல்லாதவன் பெயர் சீட்டுக் கூடையில் விழாது. அது ஊர்க்கட்டு. பாடு போனால் ஒரு வருஷமும் போச்சு. சீட்டுக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கோட்டைப் பக்கத்துத் தரகர் உலகநாத முதலியார் ஆள் அனுப்பினார். ஒல்லாந்து வியாபாரி ஒருவன் ஊரைக் காலி செய்துகொண்டு கடல் தாண்டிப் பட்டாவிக்குப் போகிறானாம். அவனுடைய பச்சைப் படகு விலைக்கு வருகிறது, விலையும் சல்லிசு. ஞாயிற்றுக்கிழமைகளில் துரையும் துரைசாணியும் பிடில்காரனோடு ஏரியில் காற்று வாங்கப் போவார்களே, அந்தப் படகு. நீலமேகம் விடிந்ததும் போய் நின்றான்.

உட்கார மெத்தை, புட்டி வைக்க ஒரு பெட்டி, தொப்பி மாட்ட ஒரு கொக்கி. முகர்ந்து பார்த்தான். மீன் வாடையே இல்லை.

"இன்னா மொதலியாரே, இது ஒரு மீனக்கூட ஏத்தினதில்லையா?"

"தொரை ஒலாத்துற படகுப்பா. மீன் ஏத்துவாங்களா?"

சும்மா சுற்றுவதற்கென்று ஒரு படகு! நல்ல தேக்கை இப்படி வீணடிப்பார்களா என்று அவன் வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு வேலையைத் தொடங்கினான். படகைச் சாய்த்து முன்மூக்கிலிருந்து பின்பக்கம் வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான். எங்கும் கணீரென்றது. கோணூசியால் அடிப்பக்கத்தைக் குத்தினான், ஊசி இறங்கவில்லை. உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தால் ஏரி உள்ளே வருகிறது என்று அர்த்தம். கரிக்கவில்லை. வெறும் மழைத் தண்ணீர். அவனுக்கு உள்ளுக்குள் குதூகலம் தாங்கவில்லை. முகத்தை மட்டும் பழைய பானை பார்ப்பவனைப் போல வைத்துக்கொண்டான்.

மிச்சம் இருந்தது தளப்பலகைக்குக் கீழே மட்டும்தான். பலகையைத் தூக்கிவிட்டுக் குப்புறப் படுத்து, இறால் தடவுவதுபோல உள்ளே கையை விட்டுத் தடவினான். கையில் ஒரு இரும்பு வளையம் பட்டது. ஒரு முழம் தள்ளி இன்னொன்று. சாராயப் பீப்பாய் கட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்தான். எண்ணிப் பார்த்தால் இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு. ஒவ்வொரு வளையத்துக்குப் பக்கத்திலும் மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. கயிறு உரசினால் மரத்தில் கோடு விழும். இது கோடில்லை. தோல் பட்டுப் பட்டு வருகிற வழவழப்பு. துடுப்புப் பிடியில் அதை அவன் ஆயிரம் தடவை தொட்டிருக்கிறான்.

"மொதலியாரே, இந்த வளையம் எதுக்கு?"

முதலியாருக்குச் சரக்கை விற்க நல்ல சாக்குக் கிடைத்துவிட்டது.

"அத்த கேளு! அஞ்சு வருசம் மின்ன வந்த பஞ்சத்துல இந்தப் படகு இஸ்தது கொஞ்சமா? ஒரு நடைக்கு இருவத்திநாலு பேரு. கீழ அவங்க, மேல பலகை, அதுமேல மெத்த. முகத்துவாரம் தாண்டி வெளிய நிக்கிற கப்பல் வரிக்கும் போவும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்ததில்ல."

"யாரு அவங்க?"

"கஞ்சித் தொட்டிக்கு வந்த சனம்தான். தொரை சும்மாவா கஞ்சி ஊத்துவாரு? பட்டாவில அடிமைக்கு அவ்ளோ கிராக்கி." முதலியார் சிரித்தார். "ஏன், நீயுந்தான வடகரைலேர்ந்து இட்டாந்து வுட்ட? கூலிகூட வாங்காம ஏத்தியாறானே, எவன்டா அந்தக் கிறுக்கன்னு தொரையே ஒருநாள் கேட்டாரு."

நீலமேகம் எழுந்திருக்கவில்லை. வளையத்திலிருந்து கையை எடுக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்று நடை. முப்பத்தொரு பேர். நெல் விளையாமல், விதைநெல்லையும் தின்று தீர்த்துவிட்டு, எலும்பும் தோலுமாக ஏரியின் வடகரையில் வந்து உட்கார்ந்திருந்த சனம். கோட்டைப் பக்கம் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, புண்ணியமாகப் போகட்டும் என்று அவன்தான் ஏற்றி வந்தான். தெலுங்குக்காரி ஒருத்தி, அவனைவிட மூத்தவள், இறங்கும்போது "நைனா" என்று அவன் தலையில் கை வைத்தாள். அடுத்த நடைக்குப் போனபோது முந்தின நடை ஆட்கள் ஒருவரும் கண்ணில் படவில்லை. அவன் கேட்கவில்லை. புறப்பட்டுப் போகிறவரை எங்கே போகிறாய் என்று அவன் ஊரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போன காரியம் உருப்படாது. பானையை நான்கு முறை தட்டுகிறவன், முப்பத்தொரு உயிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் படகைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறான்.

மூன்றாம் நடையில் ருக்கு இருந்தாள். வடகரையில் வாழ்க்கைப்பட்டு, பஞ்சத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். தோணிரேவுத் தலைவர் ராஜவேலுவின் கூடப்பிறந்த தங்கை. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. அவள் துரையோடு கப்பலேறி வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள், நகையும் நட்டுமாகத் திரும்பி வருவாள் என்று ராஜவேலு ஐந்து வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தவனை ஜெயம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, ஓட்டையா?"

"இல்ல."

"புழுவா?"

"இல்ல. நல்ல படகு."

"அப்பறம் இன்னா, பேயறஞ்ச மாரி வர்ற?"

சொன்னான். அவள் இறால் கூடையை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மூன்று நடைக்கும் கருவாடு கட்டிக் கொடுத்தவள் அவள்தான். "நாளன்னிக்கிப் பாடு" என்றாள். வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. உள்ளே பெரியவள் பசிக்கிறது என்று அழுதாள்.

பாடு நாளன்று கோயில் முன்னால் ஊர் கூடியது. ராஜவேலு ஓலைச் சீட்டுகளைச் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தார். நீலமேகத்தின் முறை வந்தது.

"பச்சப் படகப் பாக்கப் போனியாமே. வாங்கிட்டியா?"

"இல்ல மாமா."

"ஏன், ஒழுவுதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊர் நம்பியிருக்கும், ராஜவேலுவும் சாகிறவரை தங்கைக்காகக் காத்திருந்திருப்பார். நீலமேகத்துக்கும் அந்த ஆசை வந்தது. நாக்கு நுனி வரை வந்தது.

"ஒழுவல மாமா. அது சனத்தக் கட்டி ஏத்தின படகு" என்றான். கஞ்சித் தொட்டி, வளையம், கப்பல், தான் ஏற்றி வந்த முப்பத்தொரு பேர் எல்லாவற்றையும் சொன்னான். ருக்குவின் பெயரை மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ராமன், "நான் ரெண்டு நட இட்டாந்தேன்" என்றான். தருமன், "நான் எண்ணல" என்றான். அப்புறம் இன்னொருவன். பாதி ஊர் தலையைக் குனிந்துகொண்டது.

ராஜவேலு நீலமேகத்தின் சீட்டை எடுத்துத் தனியே கீழே வைத்தார். ஊர்க்கட்டு ஊர்க்கட்டுதான், அந்த வருஷம் அவனுக்குப் பாடு இல்லை. வைத்த கை திரும்பக் கூடைக்குப் போகவில்லை.

"தொட்டி வாசல் வரிக்கும் ருக்குவ நாந்தான் இட்டுனு போனேன்" என்றார். "எங்கூட்ல கஞ்சி பத்தாதுன்னு."

ராஜவேலு கூடையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"சின்னது அப்பதான் நடக்கப் பழகுச்சு." நீலமேகத்தை நிமிர்ந்து பார்த்தார். "அந்த வளையம் எவ்ளோ ஒசரத்துல இருக்குதுடா?"

நீலமேகம் அவர் முன்னால் குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் மேலே கையை வைத்துக் காட்டினான்.