விளிம்புக்குப் போகும் தடம்

முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டினேன். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் இந்தூரோ நாக்பூரோ குவாஹாத்தியோ, எங்கே சொன்னாலும் போய் இறக்கிவிட்டு வந்தவன். ஆனால் நடந்தவன் இல்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு எதிர்ப்பக்கத்து டீக்கடைக்கு ரோட்டைக் கடப்பதுதான் நான் நடந்த நடை. வலது கால் பெருவிரலில் வந்த ஒரு புண் ஐந்து மாதம் ஆறாமல் இழுத்தபோதுதான் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்தது. விரல் தப்பியது. ஆனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதைப் பாதம் சொல்வதை நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட காலை நம்பி அவ்வளவு பெரிய வண்டியை ரோட்டில் விட எனக்கு மனம் வரவில்லை. யாரும் சொல்வதற்கு முன் நானே இறங்கிக்கொண்டேன்.

கொல்லிமலையில் ஊர்க்கூட்டங்களை நாடு என்பார்கள். அதில் குண்டூர் நாட்டில் ஒரு சுகாதார நிலையத்தில் என் மகள் நர்ஸாக இருக்கிறாள். அவள் அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. கீழே தனியாக விட்டால் நான் புரோட்டாவிலேயே காலத்தை ஓட்டிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆவணியில் ஒரு நாள் முள்ளுக்குறிச்சியிலிருந்து பஸ் ஏற்றி என்னை மேலே கொண்டுவந்துவிட்டாள். வளைவுக்கு வளைவு என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பார்த்துவிட்டு என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள்.

தினமும் நடக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. மேடு ஏறக் கூடாது, செருப்பில்லாமல் கால் வைக்கக் கூடாது, திரும்பி வந்ததும் பாதத்தைக் காட்ட வேண்டும். முதல் வாரம் நான் அவள் குவார்ட்டர்ஸ் வாசலைத் தாண்டவில்லை. எங்கேயும் போய்ச் சேராத பயணம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. லோடு இல்லாமல் வண்டி எடுப்பது போல இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த ஊரைச் சுற்றி மூச்சு வாங்காமல் நடக்கத் தோதான தடங்கள் மூன்று இருந்தன. ஒன்று பள்ளத்தில் படிப்படியாக இறங்கும் நெல் வயல்களை ஒட்டிப் போகும். இன்னொன்று சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நிழலாகவே போய்த் திரும்பும். மூன்றாவது சாமைக் காடுகளையும் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக் காடுகளையும் தாண்டி, மரம் குறைந்து, வெறும் புல்லாகி, மலையின் மேற்கு விளிம்பில் போய் நிற்கும். அதற்கு அப்பால் தரை இல்லை. ஒரு பாறையும் காற்றும்தான். கீழே சமவெளி ஏரிகளோடு விரிந்து கிடக்கும்.

மூன்றையும் மாற்றி மாற்றி நடந்தேன். புரட்டாசி பிறப்பதற்குள் எனக்குள் ஏதோ மாறிவிட்டிருந்தது. வண்டியில் போகும்போது பச்சை என்பது ஒரே நிறம். நடக்கும்போதுதான் பலா இலையின் பச்சையும் சாமைக் கதிரின் பச்சையும் உறவே இல்லாத இரண்டு நிறங்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தது. பனி இறங்கிய காலைகளில் ஒவ்வொரு புல் கொத்துக்கும் ஒரு சிலந்திவலை இருந்தது. இதற்கு முன் பாதி இந்தியாவைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அந்தப் புல்வெளியில் நின்று, நான் எதைத்தான் பார்த்தேன் என்று யோசித்தேன்.

விளிம்புத் தடத்தில் காடு வைத்துப் பயிர் செய்யும் ஒரு பெண்ணை அடிக்கடி பார்ப்பேன். ஐம்பது வயது இருக்கும். கிழங்குக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது தலையில் மாட்டுக்குப் புல்லுக்கட்டோடு எதிரே வருவார். நர்ஸம்மாவின் அப்பா என்று தெரிந்த பிறகு அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எதனால் இப்படிக் குனிந்துகொண்டே நடக்கிறேன் என்றெல்லாம் கேட்டார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற ஆள் மாதிரி போகிறேனாம். அடிபடாமல் கால் வைப்பதற்காக என்று சொன்னேன். அடுத்த முறை நான் போனபோது தன் காட்டு ஓரமாகத் தடத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி வரப்பில் வைத்திருந்தார்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை வானம் வெளுத்திருந்தது. ஏழு மணிக்கே கிளம்பி விளிம்புத் தடத்தில் நடந்தேன். குளிர் காதைக் கடித்தது. புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு தாழ்வான பள்ளம் உண்டு. அதில் இடுப்பளவுக்குக் கிலுகிலுப்பைச் செடிகள் வளர்ந்து கிடக்கும். மஞ்சள் பூ பூக்கும். காய் முற்றிவிட்டால் காற்றடிக்கும்போது குழந்தைகளின் கிலுகிலுப்பை போலவே சத்தம் போடும். அன்று அந்தச் செடிகளில் பூவும் இல்லை, பச்சையும் இல்லை. எல்லாம் கறுத்து, காய்ந்த இலைகளாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மழையில் அழுகிவிட்டதா, யாராவது மருந்து அடித்துவிட்டார்களா என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

ஒரு இலையைத் தொடக் கையை நீட்டினேன். அந்த இலை திறந்தது. உள்ளே கறுப்பில் வெளிர்நீலக் கோடுகள்.

பட்டாம்பூச்சி. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் பட்டாம்பூச்சி. அந்தக் கிளை முழுவதும், அந்தச் செடி முழுவதும், பள்ளத்தில் இருந்த அத்தனை செடிகளிலும், பின்னால் நின்ற மரத்தின் அடியிலிருந்து நுனி வரையிலும், ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, சிறகை மூடித் தொங்கிக்கொண்டிருந்தன. காலடியில் புல்லிலும் இருந்தன. நடக்கக் கற்றுக்கொண்டு மூன்று மாதம்கூட ஆகாத என் கால் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

புல்வெளிப் பக்கமிருந்து காலடிச் சத்தம் கேட்டது. அந்தப் பெண்தான், புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தார். வர வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் பார்த்தார். கட்டை மெதுவாக இறக்கித் தரையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாப்பாத்திப் பூச்சிங்கண்ணா. மழ உட்டதும் போகுமுங்க. வெய்யலுக்குக் காத்துட்டு இருக்குதுங்க."

எங்கே போகின்றன என்று கேட்டேன்.

"மேக்காலதானுங்க. எங்கன்னு ஆரு கண்டா."

இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கிழக்கே மரங்களுக்கு மேல் வெயில் ஏறி, பள்ளத்தின் ஒரு மூலையைத் தொட்டது. வெயில் பட்ட இடத்தில் சிறகுகள் விரிந்தன. செடி ஒரு நொடி நீலமாகிப் பிறகு வெறும் செடியானது. வெயில் நகர நகர அடுத்த செடி, அதற்கடுத்தது. பிறகு மரம். அது மேலிருந்து கீழாக அவிழ்ந்தது. அவ்வளவு சிறகுகள் ஒன்றாக அசைந்தால் சத்தம் கேட்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. காய்ந்த சருகின் மேல் தூறல் விழுவது போன்ற சத்தம். எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு அவை போயின. என் சட்டையில் உட்கார்ந்து எழுந்தன. அந்தப் பெண்ணின் கொண்டையில் இரண்டு இருந்தன. அவர் அசையவில்லை. புல்வெளியைத் தாண்டி, பாறையைத் தாண்டி, தரை முடிகிற இடத்தில் கொஞ்சமும் தயங்காமல் வெறும் காற்றில் இறங்கிச் சமவெளிக்கு மேலே போய்க்கொண்டிருந்தன.

அவை போகிற திசையைப் பார்த்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. ஐப்பசி கார்த்திகையில் சேலத்திலிருந்து கோயம்புத்தூர்ப் பக்கம் வண்டி ஓட்டிப் போனால் முன்கண்ணாடி முழுக்கச் சிறகுகளாக ஒட்டும். வைப்பர் போட்டால் மாவு மாதிரி இழுக்கும். ரேடியேட்டர் சல்லடையில் அடைத்துக்கொள்ளும். பவானிப் பக்கம் நிறுத்தி, திட்டிக்கொண்டே பழைய துணியால் துடைத்துப் போட்டிருக்கிறேன். வருடா வருடம் துடைத்தேன். அவை எங்கிருந்து வந்தன என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை.

அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லாமல் அங்கே நிற்க முடியவில்லை. "அம்மிணி, இதுகள நான் நெறையக் கொன்னிருக்கேன்," என்று ஆரம்பித்து, கண்ணாடியையும் துணியையும் பற்றிச் சொல்லி முடித்தேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. போகிறவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அத்தன போயும் இத்தன இருக்குதுங்களேண்ணா."

பிறகு, தான் கல்யாணமாகி இந்தக் காட்டுக்கு வந்த நாளிலிருந்து வருடம் தவறாமல் இதைப் பார்ப்பதாகவும், பார்த்துப் போதும் என்று ஒரு தடவையும் திரும்பியதில்லை என்றும் சொன்னார். மாடு கத்திக்கொண்டிருக்கும் என்று கட்டைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன்.

மகளிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாகத் திரும்பினேன். இதை எந்த வார்த்தையில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் இருவருக்கு மட்டும் காட்டப்பட்ட ஒன்று என்றே அப்போது நினைத்தேன். ஆனால் சாமைக் காடுகளை ஒட்டி வரும்போதும் தலைக்கு மேலே அவை எதிரே வந்துகொண்டிருந்தன. மலையின் கிழக்கிலிருந்து, நாடு நாடாகக் கடந்து வந்துகொண்டே இருந்தன.

சுகாதார நிலையத்துக்குள் யாரும் இல்லை. சீட்டுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கண்ணில் கட்டுப் போட்ட ஒருவர் எல்லோரும் வெளியே வந்து நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். என் மகள் நடுவில் நின்றாள். பிரஷர் பார்க்கக் கையில் சுற்றிய பட்டையோடு ஒரு வயதானவர் அவள் பக்கத்தில் நின்றார். அதன் ரப்பர்க் குழாய் இன்னும் அவள் கையில் இருந்தது. அவளுக்கு அது நினைவே இல்லை. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. பள்ளிக்கூடம் போகாத வயதில் முதல் முறை லாரியின் முன்சீட்டில் ஏற்றி உட்கார வைத்தபோது அவள் அப்படி வாயைத் திறந்து பார்த்தாள்.

"எப்ப இருந்துப்பா போகுது?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"வெயில் ஏறுனதுல இருந்து, சாமி," என்றேன், சின்னதில் அவளைக் கூப்பிட்டது போல.

வழியில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் தேவைப்படவில்லை. நானும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அவர்களோடு நின்றேன். முகம் முகமாக நிழல்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து, அந்த வயதானவர் பட்டை சுற்றிய கையை மெல்ல உயர்த்தி, இதைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கம்மா, கழுத்து வலிக்கிறது, கீழே படுத்துக்கொண்டு பார்க்கிறேன் என்றார்.