கண்மாய்க்கரையில் ஒரு துண்டு விரால்

சேத்தூர் கண்மாய்க்கரையில் இருக்கும் மீன் வறுவல் கடையில் நிழலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். பைக் பஞ்சராகிவிட்டது, கணவர் அதைத் தள்ளிக்கொண்டு கடை தேடிப் போயிருக்கிறார். மடியில் இரண்டு வயது மகன். காய்ச்சல் விட்டும் அவன் சோற்றுக்கோ பாலுக்கோ வாய் திறக்கவில்லை. நானும் சரியாகத் தூங்கவில்லை. காய்ச்சல் விட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு மாலை சாத்துவதாக மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். இப்போது மாலையோடு கோயில் வாசலில் காத்திருக்கிறார். கோயிலுக்குப் போகும் நாளில் எங்கள் வீட்டில் மீன்சட்டி அடுப்பேறாது.

கரையில் ஈர வலைகள் காய்கின்றன. காலையில் பிடித்த விராலைக் கடைக்கார அக்கா தோசைக்கல்லில் திருப்பிப் போடுகிறார். மகன் கையை நீட்டுகிறான்.

“பிள்ள கேக்கான்லா, குடும்மா.”

“கோயிலுக்குப் போறோம்க்கா.”

“அவனா கும்பிடப் போறான்? ஒன் இடுப்புல இருந்து வேடிக்கை பாக்கப் போறான், அம்புட்டுதான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்தால் குற்றமா, வயிறு தாங்குமா, முள் இருக்குமா? அக்கா மசாலாவை வழித்துவிட்டு ஒரு துண்டை நீட்டுகிறார். விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்து ஊட்டுகிறேன். விழுங்குகிறான். மறுபடியும் வாயைத் திறக்கிறான்.

மறைக்கத் தெம்பில்லாமல் மாமியாருக்கு போன் போடுகிறேன்.

“அத்தை, பிள்ளைக்கு மீன் குடுத்துட்டேன்.”

அந்தப் பக்கம் கோயில் மணிச் சத்தம் கேட்கிறது. அதற்கு மேலே அவர் குரல்:

“ஏட்டி, எம்புட்டு தின்னான்?”