சாம்பல் கலந்த பசளை

உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதுகிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு தனி மரியாதை உண்டு. முதல் தடவை "படி, படி" என்று விரட்டியவர்கள் இரண்டாம் தடவை சத்தம் வராமல் கதவைச் சாத்துவார்கள். அம்மா குசினியில் சட்டியைக்கூட மெதுவாகத்தான் வைத்தார். அந்த மரியாதை என்னைத் திருத்தவில்லை, தலைக்கனம் பிடித்தவளாக்கியது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எரிந்து விழுவேன்.

முதல் தடவை என் காலை வாரியது இரசாயனவியல். அதனால் அந்த வருடம் முழுக்க அதே பாடந்தான். மூல் கணக்கு, சமநிலை, அமிலம், காரம் என்று அடிப்படையிலிருந்து மறுபடி தொடங்கினேன். பழைய வினாத்தாள்களைச் செய்து, புள்ளித் திட்டத்தைப் பார்த்து நானே திருத்தி, நானே என்னைத் திட்டிக்கொள்வேன்.

எங்கள் வயல் கிளிநொச்சியில், குளத்து வாய்க்கால் பாய்கிற பக்கம். அங்கே இரசாயனம் படிக்கிற பிள்ளை என்றால் போத்தலிலும் பையிலும் வருகிற எல்லாவற்றுக்கும் அவள்தான் அதிகாரி. பூச்சி மருந்துப் போத்தலை யன்னலுக்குள்ளால் நீட்டி, "பிள்ளை, இது புல்லுக்கோ பூச்சிக்கோ?" என்று கேட்பார்கள். நான் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வேன். வாசிக்கத் தெரிந்ததைத் தவிர அதில் வேறு கெட்டித்தனம் எதுவுமில்லை. ஆனால் அவர்கள் நம்பினார்கள், நானும் மெல்ல மெல்ல நம்பிவிட்டேன்.

அது அரசாங்கம் இரசாயனப் பசளைக்குத் தடை போட்டு, தடை எடுத்த பிறகும் கடையில் பசளை இல்லாமல் கிடந்த காலம். பயிர் பசளைக்குக் காத்து நின்றது. அப்பா எங்கெங்கோ அலைந்து, வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து அமோனியம் சல்பேற் ஒரு மூட்டை வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வயலுக்கு அது போதாது. அந்தப் போகத்தில் வேறு கிடைக்கவும் போவதில்லை.

அடுத்த நாள் காலை அப்பா யன்னலடிக்கு வந்தார்.

"பிள்ளை, இதைத் தனிய எறிஞ்சா அரைவாசி வயலோட முடிஞ்சிடும். அடுப்புச் சாம்பலோட கலந்தா அளவு கூடும், எல்லா இடமும் பரவும். கலக்கலாமோ?"

அப்போது நான் அயன்களை இனங்காணும் பரிசோதனைகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். குழப்பிவிட்டாரே என்ற கோபம். தலையை நிமிர்த்தவில்லை.

"கலவுங்கோ அப்பா. ஒண்டும் செய்யாது."

"சரி பிள்ளை, நீ படி" என்று சொல்லிவிட்டுக் கால் சத்தம் கேட்காமல் போனார்.

பின்னேரம் தேத்தண்ணி கொண்டு வயலுக்குப் போனேன். வரம்பில் படங்குச் சீலையை விரித்து, சாம்பல் பறக்காமல் தண்ணீர் தெளித்துக் கலந்து வைத்திருந்தார். கிட்டப் போகும்போதே மூக்கில் ஏறியது. கண் எரிந்தது. அமோனியா! அமோனியம் உப்போடு காரம் சேர்ந்தால் அமோனியா வாயு வெளியேறும், காரமான மணம், ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாளை நீலமாக்கும். அன்று காலையில் மட்டும் எத்தனை தரம் வாய்விட்டுச் சொல்லியிருப்பேன்! சாம்பல் காரம் என்பதும் எனக்குத் தெரியும். அடுப்புக்குள் கிடப்பதும் அதே சாம்பல்தான் என்று மட்டும் உறைக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். பயிருக்குப் போகவேண்டிய சத்து என் கண்முன்னால் காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

அப்பாவுக்கோ பெருமை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வயல்காரரிடம் சொன்னார்.

"மணத்தைப் பார், எப்பிடி ஏறுது! நல்ல வீரியமான பசளை. சாம்பலோட கலக்கச் சொல்லி என்ர பிள்ளைதான் சொன்னவள். கெமிஸ்ற்றி படிக்கிறவள் எல்லோ."

"அப்ப நானும் அப்பிடியே கலக்கிறன்" என்றார் அவர். அவரிடமும் அதே பசளை கொஞ்சம் இருந்தது.

படங்கில் கிடந்தது பாதி மூட்டைதான். மற்றப் பாதி இன்னும் கலக்காமல் பையிலேயே இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது தப்பியிருக்கும். "அப்பா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்." இவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்காகச் சொல்லாமல் விட்டேன் என்று அன்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பொய். என் கெட்டித்தனம் உடைந்துவிடும் என்று பயந்தேன்.

அதைவிடக் கேவலம், திரும்பி வரும் வழியில் பக்கத்து வயல்காரரை மறித்துச் சொன்னதுதான்.

"மாமா, சாம்பலோட வேண்டாம், மணலோட கலவுங்கோ. அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஊரான் பயிரைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சமநிலை மாறிலி கணக்குச் செய்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

மறுநாள் காலை அப்பா ஒரு மூட்டை சாம்பலைத் தலையில் வைத்துக்கொண்டு என் யன்னலைக் கடந்து போனார். "மிச்சத்தையும் கலந்து எறிஞ்சிட்டு வாறன் பிள்ளை" என்றார். நான் "ஓம்" என்றேன். பேனையைப் பிடித்தபடி, அவர் வாசல் படலையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெல் வளர்ந்தபோது எங்கள் வயலில் பாதி வெளிறி நின்றது, பாதி பச்சையாக நின்றது. ஏன் அப்படி என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே கலவைதானே போனது? "அந்தப் பக்கம் மண் சரியில்லை" என்றார் அப்பா. முந்தின வருடம் வரைக்கும் அவர் புகழ்ந்த மண் அது. பரீட்சை எழுதினேன். வெட்டும்போது வெளிறின பக்கம் பதர்தான் கூட. நான் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பெறுபேறு வந்தது. இரசாயனவியலில் நல்ல சித்தி. அப்பா ரொபி இனிப்பு வாங்கி ஒழுங்கையில் வீடு வீடாகக் கொடுத்தார். அன்று பக்கத்து வயல்காரர் படலையில் நின்று சிரித்தார்.

"என்ன பிள்ளை, கொப்பர் சாம்பல் சுமந்தது வீண் போகேல்ல."

"என்ன சாம்பல் மாமா?"

"நீ வேண்டாம் எண்டு சொன்னதை நான் அண்டைக்குப் பொழுது பட முந்தியே அவரிட்டைச் சொல்லிப்போட்டன். பயிர் விசயம், எப்பிடிச் சொல்லாமல் விடுறது? அடுத்த நாள் மனுசன் ஒரு மூட்டை சாம்பலைக் கொண்டுவந்து வரம்பில கொட்டிப்போட்டு, மிச்சப் பசளையை மணலோட கலந்து எறியுறார். கொட்டுறதுக்கு ஏன் சுமந்தனீர் எண்டு கேட்டன். பிள்ளை யன்னலால பாத்துக்கொண்டிருக்கும், தன்ர பிழை அப்பாவுக்குத் தெரிஞ்சிட்டுது எண்டு அறிஞ்சா சோதினை நேரம் உடைஞ்சுபோவாள் எண்டார்."

நான் உள்ளே போனேன். அப்பா கதிரையில் இருந்து, மிஞ்சிய ரொபிகளை அம்மாவிடம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அண்டைக்கு அந்தச் சாம்பல்…"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எந்தச் சாம்பல் பிள்ளை?"

ஒரு ரொபியை எடுத்து என் கையில் வைத்தார்.