சுனைப் பாதையில் கரடி கடக்கும் நேரம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை திருத்தணிக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல, கரடியைப் படம் பிடிக்க. விறகு பொறுக்கப் போன பெண் ஒருத்தியின் தோளைக் கரடி கிழித்துவிட்டது, வெள்ளிக்கிழமை அதைச் சுடத் துப்பாக்கிக்காரர் வருகிறார் என்று என் மாணவன் ஒருவன் சொல்லியிருந்தான். நான் சென்னையில் விலங்கியல் வாத்தியார். காட்டில் காமிராவைக் கட்டிவைத்து, அது தானாகவே படமெடுக்கிறதா என்று பார்க்க வெகுநாளாக ஆசை.

காலை ஏழு மணிக்கு ரயில். அரக்கோணத்தில் வண்டி மாறிப் பத்தேகாலுக்குத் திருத்தணி. மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் இரண்டணா. அங்கிருந்து மலையடிவாரத்து ஊருக்கு மூன்று மைல், ஜட்காவுக்கு எட்டணா.

காயம்பட்டவளின் நாத்தனார் முனியம்மா என் காமிராப் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இந்தப் பொட்டி இன்னாங்க பண்ணும்?"

"கரடியைப் படம் பிடிக்கும்."

"படம் எதுக்குங்க? விடியக்காலம் அஞ்சு மணிக்கு நாங்க விறவுக்குப் போறோம். அது எந்நேரம் வருதுன்னு சொல்லுமா?"

எனக்குத் தோன்றாத கேள்வி. என் அலாரம் கடிகாரத்தைப் படத்தில் விழும்படி பாறைமேல் வைத்தேன். சுனைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே கம்பி. கால் தட்டினால் பல்ப் பளிச்சென்று எரிந்து படம் விழும். ஓர் இரவுக்கு ஒரே படம்தான்.

முதல் படத்தில் முள்ளம்பன்றி! படம் கழுவ இருட்டறை கொடுத்த சைக்கிள் கடை காதர் பாய் சிரித்தார். "கம்பிய ஒரு முழம் மேல கட்டுங்க சார். சின்னதுங்க கீழ பூந்துகினு போயிடும்."

அப்படியே கட்டினேன். புதன்கிழமைப் படத்தில் கரடி. முதுகில் இரண்டு குட்டிகள். மணி நாலு ஐம்பது.

"ஒரு நாளு வந்தா தெனம் வருமா?" என்றாள் முனியம்மா. நியாயம்தான். மறுநாளும் அதே கரடி. மணி ஐந்தடித்து ஐந்து நிமிஷம்.

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் இரண்டு படங்களையும் அவளே காட்டினாள். "அது தண்ணி குடிச்சிட்டுத் திரும்பற நேரத்துல நாமதான் குறுக்க போறோம். வெயிலு ஏறினப்புறம் போலாம்."

காயம்பட்டவள் என்ன சொல்வாளோ என்று பார்த்தேன். கட்டுப்போட்ட தோளோடு வந்து படத்தை வாங்கி விளக்கடியில் பிடித்தாள்.

"குட்டி வச்சிகினு இருக்குதா? அதான் அடிச்சிது" என்றாள்.

துப்பாக்கிக்காரரை ஒரு மாதம் தள்ளி வரச் சொன்னார்கள்.

இப்படிப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு: பல்ப் குறைந்தது ஆறு கொண்டுபோங்கள். காமிராவுக்கு மெழுகுத்துணி வேண்டும், பனி கொட்டுகிறது. கம்பி கட்டுமுன் அந்தப் பாதையில் நடக்கிறவர்களிடம் பேசுங்கள்.

பங்குனியில் மறுபடி போனேன். காலை ஒன்பது மணி வெயிலில் முனியம்மா விறகுக் கட்டோடு இறங்கி வந்தாள்.

"துப்பாக்கிக்காரர்?" என்று கேட்டேன்.

"வேணாம்னுட்டோங்க. கட்டு விக்க மத்தியானம் ஆவுது, அவ்ளோதான். நேத்து குட்டிங்க தாய் முதுவுலேர்ந்து எறங்கி நடந்த தடம் பாத்தேன்."